வீடு கட்டப் போகும் பிள்ளையின் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஒரு மனிதனின் கையிருப்பையும் பொறுமையையும் ஒருசேரச் சோதித்துப் பார்க்கும் காரியங்கள் இவை இரண்டும். அப்படியிருக்க, தன் வீட்டையன்று, முன்பின் அறியாத ஒருவருடைய வீட்டை, அதுவும் நாடு விட்டு நாடு போய், கூலி வாங்காமல் கட்டிக்கொடுக்க நம் பிள்ளை ஒன்று புறப்படுகிறது என்றால் பெற்றவர்கள் என்ன செய்வது?

அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத் தொழிலாளி இதைப் பற்றித்தான் என்னிடம் பேச வந்தார். என்னிடம் படித்த அவருடைய மகள் இப்பொழுது ஒரு பொலித்தெக்னிக்கில் படிக்கிறாள். அங்கிருந்து ஒரு குழு கம்போடியாவுக்குப் போகிறது. ஒரு கிராமத்தில் ஒரு வாரம் தங்கி, ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு வீடு கட்ட உதவப் போகிறார்கள். மகளுக்கு அந்தக் குழுவில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் தாயார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"சார், நமக்கே சொந்தமா ஒரு வீடு இல்ல. இவ போய் யாருக்கோ கட்டிக் குடுக்கணுமா? அதுவும் கம்போடியாவுக்கா?" என்று அவர் கேட்டார்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டுமே நியாயமானவை. 'போகட்டுமே, நல்ல காரியம்தானே' என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடக் கூடியவை அல்ல. இம்மாதம் அவற்றைப் பற்றியும், போகிற பிள்ளை செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களைப் பற்றியும் சற்று விரிவாகவே பேசுவோம்.

இது என்ன பயணம்?

இப்படிப்பட்ட பயணங்களை நடத்தும் அமைப்புகள் பல உண்டு. அவற்றுள் உலகம் நன்கறிந்த ஒன்று 'ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி' என்பது. 1976-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்னும் சிற்றூரில் மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் என்ற கணவனும் மனைவியும் அதைத் தொடங்கினார்கள். அவர்களுடைய கொள்கை எளிமையானது. வீடு தானமாகக் கொடுக்கப்படுவதில்லை. வீட்டைப் பெறும் குடும்பமும் தன்னால் இயன்ற உழைப்பைப் போட வேண்டும். ஊர் கொத்தனார், வீட்டுக்காரர், வெளியூர்த் தொண்டர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று கல் கடத்துவார்கள். நம் தோட்டங்களில் கோயில் திருவிழாவுக்கு முன்பு கோத்தோங் ரோயோங் போட்டுப் பந்தல் கட்டுகிறோமே, அதுபோலத்தான்.

அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் நிலக்கடலை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பதவியை விட்டு இறங்கிய பிறகு, 1984-ஆம் ஆண்டு முதல் தம் மனைவி ரோசலினோடு இந்த வேலைக்குச் சுத்தியலும் கையுமாக வந்தார். 2019 அக்டோபரில், 95 வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் 14 தையல் போட்டார்கள். மறுநாளே கறுத்து வீங்கிய கண்ணோடு நேஷ்வில் நகரில் தொண்டர்கள் மத்தியில் வந்து நின்றார். 2024 டிசம்பர் 29-ஆம் நாள் தம் நூறாவது வயதில் காலமானார். இது சுற்றுலா இல்லை, வேலை என்பதைப் பிள்ளைகள் புரிந்துகொள்ளவே இதைச் சொல்லுகிறேன். படம் பிடிக்கப் போகிறவனுக்கு ஒரு பெட்டி; வேலை செய்யப் போகிறவனுக்கு வேறு பெட்டி.

அங்கே ஏன் வீடில்லை?

போகிற இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போவது முதல் ஆயத்தம். 1975 ஏப்ரல் 17-ஆம் நாள் 'கெமர் ரூஜ்' என்னும் படையினர் தலைநகர் நோம்பென்னைப் பிடித்தார்கள். பட்டணத்து மக்களையெல்லாம் வீதிக்கு விரட்டி, நாட்டுப்புறத்து வயல்களுக்கு நடத்திச் சென்றார்கள். பணம் ஒழிக்கப்பட்டது, பள்ளிக்கூடம் மூடப்பட்டது, சொந்த நிலம் என்பதே இல்லாமற் போயிற்று. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுவதற்குள் பசியாலும் நோயாலும் கொலையாலும் ஏறத்தாழ 15 முதல் 20 இலட்சம் பேர் மாண்டார்கள்.

உயிர் தப்பியவர்கள் ஊர் திரும்பியபோது, 'இது என் மனை' என்று காட்டுவதற்குப் பத்திரம் இல்லை. தனியார் நில உரிமை மறுபடியும் வந்தது 1989-இல்தான். மூன்று தலைமுறையாய் ஒரே இடத்தில் குடியிருந்தும், கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாத குடும்பங்கள் உண்டு. குடியிருப்பது ஒன்று, உரிமை வேறொன்று என்பதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதைப் பிறகு பேசுவோம்.

தாயின் பயம் வீண் பயமா?

இல்லை. கம்போடியா என்ற பெயரைக் கேட்டதும் நம் தாய்மார்கள் நடுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 'நல்ல சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் இலவசம்' என்று ஆசை காட்டி நம் நாட்டு இளைஞர்களை அங்கே கூட்டிப்போய், கடப்பிதழைப் பறித்துக்கொண்டு, அடைத்து வைத்து, தொலைபேசி வழியே பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்த கொடுமைகள் 2022-ஆம் ஆண்டு முதல் நம் செய்தித்தாள்களில் தொடர்ந்து வந்தன. அடி உதை பட்டுத் திரும்பியவர்கள் உண்டு. ஆகவே, பெற்றோர் விசாரிப்பதைப் பிள்ளைகள் சந்தேகம் என்று நினைத்துக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

உண்மையான தொண்டுப் பயணத்தைக் கண்டுகொள்ள இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: சம்பளம் உண்டு என்கிறார்களா? உண்டு என்றால் அது தொண்டு இல்லை. உடனே நிறுத்திவிடுங்கள். தொண்டுப் பயணத்தில் செலவுக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும். கட்டிய பணத்துக்கு அமைப்பின் பெயரில் ரசீது வேண்டும்.

இரண்டு: கல்லூரியின் கடிதம் இருக்கிறதா? கூடப் போகும் விரிவுரையாளர் யார்? கல்லூரி அலுவலகத்துக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். பிள்ளை கொடுத்த எண்ணில் மட்டும் பேசாமல், கல்லூரியின் பொது எண்ணிலும் பேசுங்கள்.

மூன்று: போக வர இரண்டு வழிக்கும் விமானச் சீட்டு எடுத்தாயிற்றா? திரும்பும் தேதி இல்லாத பயணத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

நான்கு: எந்தக் கிராமம், எந்தத் தங்குமிடம், அங்கே பொறுப்பாளர் யார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?

ஐந்து: காப்புறுதி உண்டா? கட்டட வேலையில் படும் காயத்துக்கும் அது செல்லுமா? சாதாரணப் பயணக் காப்புறுதிகள் சில, கையால் செய்யும் வேலையில் பட்ட காயத்துக்குப் பணம் தருவதில்லை. இதைப் பலர் கேட்பதே இல்லை.

இவற்றுக்கு நேரான பதில் தருகிற அமைப்பு, பெற்றோரின் கேள்வியை வரவேற்கும். முகம் சுளிக்கிற இடத்தில் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையிலும் மறுபடி டிசம்பரிலும் தாய்லாந்து, கம்போடியா எல்லையில் சண்டை நடந்து பலர் இடம்பெயர்ந்தார்கள். புறப்படும் முன்பு நம் வெளியுறவு அமைச்சின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். எல்லையோர மாநிலங்களுக்குப் போகும் திட்டம் என்றால் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். வெளிநாடு போகிறவர்கள் தங்கள் விவரங்களை அமைச்சின் இணையப் பதிவில் முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். ஆபத்து வந்தால் தூதரகம் தேடி வர அது உதவும். நோம்பென் நகரில் நம் தூதரகம் இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணை வீட்டுச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளையின் கைப்பையிலும் ஒரு தாளில் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் மட்டும் இருந்தால், அது தொலையும்போது எண்ணும் தொலைந்துவிடும்.

காகிதங்கள்

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். புதிதாக எடுக்கிறவர்கள் பயணத்துக்கு முதல் வாரம் வரை காத்திராமல், இரண்டு மாதம் முன்பே குடிநுழைவுத் துறைக்குப் போய்விடுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் கடப்பிதழில் உள்ள பெயரும் விமானச் சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தகப்பனார் பெயர் சேரும் இடத்தில் நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. 18 வயது நிறையாத பிள்ளை என்றால் தாயோ தந்தையோ பாதுகாவலரோ கூடப் போக வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் விடுப்பு இதற்குத் தேவைப்படும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மலேசியர் கம்போடியாவில் 30 நாள் வரை தங்க விசா தேவையில்லை. ஆனால், வருகைப் படிவத்தை இணையம் வழியாக முன்கூட்டி நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் போலி இணையப் பக்கங்கள் இருக்கின்றன, எச்சரிக்கை.

கடப்பிதழின் முதல் பக்கத்தை மூன்று படி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று பெட்டியில், ஒன்று குழுத் தலைவரிடம். மூலத்தைச் சோதனை அதிகாரி பார்த்தவுடன் திரும்பக் கையில் வாங்க வேண்டும். 'நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், கொடு' என்று யார் கேட்டாலும் கொடுத்துவிடாதே, தங்கையே!

உடம்பு

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பாக அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கோ மருத்துவரிடமோ போங்கள். எந்த ஊர், எத்தனை நாள், என்ன வேலை என்று விவரமாகச் சொல்லுங்கள். துருப்பிடித்த ஆணியும் கம்பியும் கிடக்கும் இடம் என்பதால் டெட்டனஸ் தடுப்பூசி முக்கியம். கடைசியாகப் போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதென்றால் மறுபடி போட வேண்டும். டைபாய்டு, மஞ்சள் காமாலையில் 'ஏ' வகை ஆகியவற்றுக்கும் ஊசி உண்டு. மலேரியா மாத்திரை தேவையா இல்லையா என்பது போகும் மாவட்டத்தைப் பொறுத்தது. அதை மருத்துவரே முடிவு செய்யட்டும். டெங்கிக் கொசு நம் ஊரைப் போலவே அங்கும் பகலில் கடிக்கும்.

நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் மறைக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் முற்றிய பின் மருந்தில்லை.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கைகொடுக்கும். பொட்டலம் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து அடிக்கடி குடிக்கலாம். இது பயணத்துக்கு மட்டுமல்லாமல், குழந்தைகள் உள்ள எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு.

கம்போடியாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறட்சிக் காலம். மே முதல் அக்டோபர் வரை மழை. மார்ச், ஏப்ரல் வெயில் கடுமையானது. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளை திடீரென்று வெயிலில் செங்கல் தூக்கினால் மயங்கி விழும். ஆகவே, விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது காலையில் நடக்கச் சொல்லுங்கள். இரண்டு கையிலும் தண்ணீர் வாளி தூக்கட்டும். அப்பாவுடன் ஒரு நாள் வெட்டுக்காட்டுக்குப் போய் உதிரிப் பழம் பொறுக்கட்டும். அதைவிடச் சிறந்த உடற்பயிற்சி எந்தக் கூடத்திலும் கிடைக்காது.

கைப்பழக்கம்

பெட்டியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள், கையைப் பற்றிக் கேட்பதில்லை. ஒன்றுமே தெரியாத பன்னிரண்டு பேர் போய் இறங்கினால், அங்கிருக்கும் கொத்தனார் வீடு கட்டுவாரா, இவர்களுக்குப் பாடம் நடத்துவாரா? தொண்டு செய்ய வந்தவரே பாரமாகிவிடக் கூடாது.

உங்கள் வட்டாரத்தில் ஒரு கொத்தனார் இருப்பார். கோயில் மதிலோ, யாருடைய வீட்டு அடுப்படியோ கட்டுகிறபோது இரண்டு நாள் கூட நிற்கட்டும். கற்றுக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. மணல் சலிப்பது, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு முதல் ஆறு பங்கு மணல் என்று முதலில் உலரக் கலந்து, பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் விடுவது. மண் செங்கல்லை முன்பே தண்ணீரில் நனைப்பது. உலர்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பிடிப்பு இராது. கீழ் வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே மேல் வரிசையின் இணைப்பு வராமல் மாற்றி வைப்பது. ரசமட்டமும் தூக்குக்குண்டும் பார்க்கப் பழகுவது. இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றதை அவர்கள் சைகையால் சொல்லித் தருவார்கள்.

ஈர சிமெண்டு தோலைச் சுடும் என்பது பலருக்குத் தெரியாது. நெருப்பைப் போல உடனே சுடாது. மெல்ல மெல்ல அரித்து, இரவில்தான் புண் தெரியும். கையில் காலில் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், 20 நிமிடமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். காற்சட்டையின் அடியை பூட்சுக்குள் திணிக்காமல் வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் கலவை உள்ளே வழிந்து காலோடு ஒட்டிக்கொள்ளும்.

இனிப் பெட்டிக்கு வருவோம்

மலிவு விமானங்கள் பலவற்றில் கையில் எடுத்துப்போக 7 கிலோதான். அதற்குமேல் பணம். ஆகவே, கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, இது இல்லாமல் ஒரு வாரம் இருக்க முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

வேலைக்கு: முழுக்கைச் சட்டை மூன்று, முழுக்காற்சட்டை இரண்டு. பழையனவாக இருக்கலாம், கிழிந்தனவாக இருக்கக் கூடாது. விரலை மூடும் கெட்டியான சப்பாத்து ஒரு சோடி. புதிது வாங்கினால் ஒரு மாதம் முன்பே போட்டு நடந்து பழகியிருக்க வேண்டும். காலுறை நாலு சோடி. ரப்பர் பூசிய கையுறை இரண்டு சோடி. வெறும் பஞ்சுக் கையுறை சிமெண்டு நீரைக் குடித்துக் கையிலேயே வைத்துக்கொள்ளும். அகன்ற தொப்பி. கண்ணுக்குத் தூசிக் கண்ணாடி. மழைக்காலமானால் மழைச்சட்டை.

தங்குமிடத்துக்கு: தோளையும் முழங்காலையும் மூடும் உடை இரண்டு. சிலிப்பர். ஒரு கைலி. குளிப்பதற்கும், படுப்பதற்கும், ஆலயத்துக்குப் போகும்போது இடுப்பில் சுற்றவும் அது ஒன்றே போதும். ஒரு துண்டு. அங்குள்ளவர்கள் 'கிராமா' என்று கட்டம் போட்ட துண்டு ஒன்றை வைத்திருப்பார்கள். வெயிலுக்குத் தலையில் கட்டுவார்கள், வியர்வை துடைப்பார்கள், பிள்ளையை ஏந்துவார்கள். பால் வெட்டப் போன நம் பாட்டிமார்களின் தலைத்துண்டை அது உங்களுக்கு நினைவூட்டும்.

மருந்துக்கு: காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், பிளாஸ்டர், காயத்துக்கு மருந்து, கொசு விரட்டும் களிம்பு, கோடாலித் தைலம் ஒரு சிறு புட்டி. வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டோடு. கைப்பையில் எடுக்கும் திரவம் எதுவும் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் இருக்கக் கூடாது. கத்தரி, கத்தி, கரண்டி போன்ற கூரான பொருள் ஏற்றி அனுப்பும் பெட்டியில்தான் போக வேண்டும். கைத்தொலைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் கூடுதல் மின்கலம் மட்டும் கைப்பையில்தான் வர வேண்டும். பெண் பிள்ளைகள் தங்களுக்கு மாதந்தோறும் வேண்டியதை இங்கிருந்தே எடுத்துப் போவது நல்லது; கிராமத்தில் தேடி அலைய வேண்டாம்.

மற்றவை: டார்ச்சு லைட், தண்ணீர்ப் போத்தல், இரு உருண்டை முனைச் சொருகி ஒன்று. நம் மூன்று முனைச் சொருகி எல்லா இடத்திலும் பொருந்தாது. பணம் அமெரிக்க டாலராக, ஒன்றும் ஐந்துமாகச் சிறு நோட்டுகள். டாலர் அங்கே கடைகளில் செல்லும். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியல். ஓரம் கிழிந்த டாலரை வாங்க மாட்டார்கள்; வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

வேண்டாதவை: தங்கச் சங்கிலி, வளையல். அம்மா கட்டிக் கொடுக்கும் பத்துப் பொட்டலம் மீ. ஒரு சிறு ஊறுகாய்ப் புட்டி போதும். அங்கேயும் சோறும் மீனும்தான். காரம் குறைவு, அவ்வளவே. சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே குழுத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். மீன் சாந்து சேராத குழம்பு அங்கே அரிது.

நாம் உடுத்தி மிஞ்சிய பழைய துணிமூட்டையும் வேண்டாம். பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுக்க மிட்டாய்ப் பையும் வேண்டாம். தோட்டத்துக்கு எப்போதாவது கார் போட்டு வந்து, நம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, பை கொடுத்துப் படம் பிடித்துப் போனவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்போது நம் முகம் எப்படியிருந்தது என்று நமக்குத் தெரியும். அதை இன்னொருவருக்கு நாம் செய்யக் கூடாது. கொடுக்க விரும்பினால் குழுத் தலைவரிடம் கேட்டு, அந்த வீட்டுக்கு என்ன தேவையோ அதை எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுங்கள்.

பழக வேண்டிய முறை

கம்போடியர் இரு கை கூப்பித்தான் வணக்கம் சொல்லுவார்கள். நமக்குப் புதிதல்ல. 'ஓகுன்' என்றால் நன்றி. வீட்டுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். குழந்தை அழகாக இருக்கிறதே என்று தலையைத் தடவக் கூடாது; தலை அவர்களுக்குப் புனிதமானது. பெரியவர் எதிரில் காலை நீட்டி உட்காரக் கூடாது. கேட்காமல் யாரையும் படம் பிடிக்கக் கூடாது. அவர்களுடைய எழுத்து, தென்னிந்தியாவின் பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது. அங்கோர் வாட் பெருங்கோயில் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மனால் திருமாலுக்காக எழுப்பப்பட்டது. அவர்களுடைய புத்தாண்டும் நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வருகிறது. அந்நியர் வீட்டுக்குப் போகிறோம் என்ற கூச்சம் வேண்டியதில்லை.

ஒரு கண்டிப்பு: கிராமத்தில் பாதையை விட்டு விலகிப் புதருக்குள் போகவே கூடாது. பழைய போர்க்காலக் கண்ணிவெடிகள் சில மாவட்டங்களில் இன்னும் மண்ணில் கிடக்கின்றன. சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்திருந்தால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

நமக்கே வீடில்லையே!

முதல் கேள்விக்கு வருகிறேன். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை இருக்கும் வரை வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், தொழிலாளி குடியிருக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லுகிறது. அது யாருக்குச் சொந்தமாக வேண்டும் என்று சொல்லவில்லை. முப்பது, நாற்பது ஆண்டு உழைத்து, அறுபது வயதில் பாத்திர பண்டங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு மகன் வீட்டு வாசலில் இறங்கிய பெரியவர்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். 'நமக்கே இல்லையே' என்ற சொல் பொறாமையில் பிறந்ததல்ல. அது வலி.

அந்த வலியைச் சொல்லிப் பிள்ளையைத் தடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வாரம் மகள் வீட்டிலேயே இருந்துவிட்டால் நமக்கு வீடு வந்துவிடப் போவதில்லை. போய் வந்தால் மூன்று காரியங்கள் கைகூடும். ஒரு வீடு எத்தனை கல்லில், எத்தனை மூட்டை சிமெண்டில், எத்தனை பேர் உழைப்பில் எழும்புகிறது என்ற கணக்கு அவளுக்குத் தெரியும். வீட்டைவிட மனையின் பத்திரம் முக்கியம் என்பதைக் கண்ணால் பார்ப்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போதும் வாங்குகிற பக்கத்திலேயே நிற்க வைக்கப்பட்ட நம் பிள்ளை, ஒருமுறை கொடுக்கிற பக்கத்தில் நின்று பார்ப்பாள். அந்த நிமிர்வு சம்பளத்தில் வருவதில்லை.

அதற்காகக் கடன் வாங்காதீர்கள். ஆலோங்கிடம் வாங்கித் தொண்டுக்குப் போவது, வீட்டுக் கூரையைப் பிரித்து அடுத்த வீட்டுக்கு வேய்வது போன்றது. கல்லூரியில் உதவித்தொகை கேட்கலாம். நண்பர்களோடு பலகாரம் செய்து விற்றுச் சேர்க்கலாம். முடியவில்லையென்றால் வெட்கமில்லை. நம் நாட்டிலேயே பூர்வகுடி மக்களுக்கு வீடு கட்டும் தொண்டர் குழுக்கள் இருக்கின்றன. அங்கே கடப்பிதழும் வேண்டாம், விமானமும் வேண்டாம். அதே சப்பாத்தும் கையுறையும் போதும்.

போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். அந்த வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வாருங்கள். இந்த மனை யார் பெயரில் இருக்கிறது? அந்தப் பத்திரம் உங்கள் கைக்கு எப்படி வந்தது? அதற்கு யார் யார் துணை நின்றார்கள்? திரும்பி வந்ததும், அந்தப் பதில்களை உங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், பெரியவர்கள் கூடியிருக்கும் ஒரு நாளில் வாசித்துக் காட்டுங்கள். பிறகு அதே மூன்று கேள்விகளை நம்மவர்களிடமும் கேளுங்கள்.

அடுத்த இதழில், தோட்டத்தை விட்டு வெளியேறும்போது ஒரு குடும்பம் கையில் வைத்திருக்க வேண்டிய பத்திரங்கள் எவை என்று பார்ப்போம். அதுவரை நலமாயிருங்கள். வணக்கம்.